குறைமாசப் பிள்ளையும் கதவுக்கு வெளியே நிற்கும் பெற்றோரும்

"ஏழு மாசத்துல பிறந்தா தங்கும், எட்டு மாசத்துல பிறந்தா தங்காது." குறைமாசப் பேறு நடந்த வீட்டில் யாராவது ஒரு பெரியவர் வாயிலிருந்து இது எப்படியும் வந்துவிடும். ஏழாம் மாசத்தில் பெற்றவளுக்கு அது ஆறுதல். எட்டாம் மாசத்தில் பெற்றவள் என்ன செய்வாள்? தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, தையல் வலியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவள் காதில் விழும் முதல் மருத்துவக் கருத்து இதுதான் என்றால், அவளது அடுத்த சில வாரங்கள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பேச்சுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான். எட்டாம் மாசத்துப் பிள்ளைக்கு ஏழாம் மாசத்துப் பிள்ளையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதைத்தான் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று யாராவது சொல்ல வேண்டும்.

37 வாரம் முடியும் முன் பிறந்தால் குறைமாசம். அவர்களில் பெரும்பாலோர் 32 வாரம் தாண்டியவர்கள். 28 வாரத்துக்கும் முன்னால் பிறப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் ஆபத்து அவர்களுக்குத்தான் மிக அதிகம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2020-ல் உலகத்தில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாசத்தில் பிறந்தன. அதில் 30 லட்சத்துக்கு மேல் இந்தியாவில். ஆக, இது எங்கோ யாருக்கோ நடக்கிற அபூர்வம் இல்லை. நம் தெருவிலேயே இருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இன்றைக்கு வீட்டுப் பேறு ஏறக்குறைய இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஆஸ்பத்திரிப் பேறு 99.6 சதவீதம். குமரி மாவட்டத்தின் சிக்கல் வேறு. பேறு ஓர் ஆஸ்பத்திரியில் நடக்கும், பிள்ளைக்கு வேண்டிய கருவிகள் இன்னோர் ஆஸ்பத்திரியில் இருக்கும். நாகர்கோவில், தோவாளைப் பக்கத்துக்காரர்களுக்கு ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் என்றால் பலரும் திருவனந்தபுரத்தில் உள்ள எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்கே போகிறார்கள், பேருந்துக் கணக்கில் அவர்களுக்கு அதுவும் பக்கம்தான். சிசேரியன் ஆன தாய் ஒரு கட்டிலில், பிள்ளை வேறு ஊரில். நடுவில் தகப்பன், ஒரு கையில் பால் பாத்திரம், இன்னொரு கையில் ஃபைல். பேறு முந்திவரும் என்று முன்பே தெரிந்தால், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவது எல்லா விதத்திலும் மேல். பிறந்த பிறகுதான் மாற்ற வேண்டும் என்றால், 108-ல் பச்சிளம் குழந்தைகளுக்கென்றே தனி ஆம்புலன்ஸ் உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன? முதல் பிரச்சினை மூச்சு. நுரையீரலில் உள்ள நுண்ணிய காற்றறைகள் மூச்சு விடும்போது சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உட்புறம் சோப்பு நுரை மாதிரி வழுக்கலான ஒரு பூச்சு வேண்டும். அதன் பெயர் சர்ஃபாக்டன்ட். 34, 35 வாரம் வாக்கில்தான் அது போதுமான அளவுக்குச் சுரக்கும். அதற்கு முன் பிறந்தால் ஒவ்வொரு மூச்சும் புதிதாக ஊதித் திறக்க வேண்டிய பாடு. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பாட்ரிக் 1963 ஆகஸ்டில் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தான், அதாவது நம் பாட்டிகள் கணக்கில் எட்டு மாசப் பிள்ளை. இதே மூச்சுக் கோளாறில் இரண்டே நாளில் இறந்துபோனான். அன்றைக்கு உலகத்தின் பெரிய டாக்டர்களாலும் காப்பாற்ற முடியவில்லை. 1972-ல் நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹவி இருவரும், பேறு முந்தும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படும் என்று காட்டினார்கள். 1980-ல் ஜப்பானின் ஃபுஜிவாரா சர்ஃபாக்டன்ட் மருந்தைக் குழாய் வழியாக நேராக நுரையீரலுக்குள் விட்டுக் காட்டினார். இன்று பாட்ரிக்கின் வாரத்தில், பாட்ரிக்கின் எடையில் பிறக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள். எட்டு மாசப் பழமொழிக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

அப்புறம் மானிட்டர். பெற்றோரின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தத் திரைதான். பிள்ளையின் காலில் சிவப்பாக ஒளிரும் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை அது காட்டும். திரையில் 92 என்று இருக்கும். கொரோனா காலத்தில் 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடிய நமக்கு 92 என்றதும் நெஞ்சு படபடக்கும். ஏன் 100 ஆக்க மாட்டேன் என்கிறார்கள் என்று நர்சிடம் சண்டைக்குப் போனவர்களும் உண்டு. ஆக்சிஜன் கொடுக்கப்படும் குறைமாசப் பிள்ளைக்கு 90-க்கும் 95-க்கும் இடையில் வைப்பதுதான் வழக்கம், அது வேண்டுமென்றே வைக்கும் அளவு. 1940-களில் மேலைநாட்டு ஆஸ்பத்திரிகள் இன்குபேட்டருக்குள், அதாவது பிள்ளையைச் சூடாக வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள், ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிழைத்தன, ஆனால் பார்வை போனது. விழித்திரையின் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்ததுதான் காரணம். 1950-ல் குறைமாசத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டருக்குப் பார்வை போனதும் இப்படித்தான். மெல்பர்ன் டாக்டர் கேட் கேம்ப்பெல் 1951-ல் ஆக்சிஜன் மேல் சந்தேகத்தை எழுப்பிய பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது.

அலாரம் அடிப்பதும் அப்படியே. குறைமாசப் பிள்ளை சில நேரம் மூச்சு விடவே மறந்துவிடும். மூளையில் மூச்சை நடத்தும் பகுதி இன்னும் பழகவில்லை. நர்ஸ் வந்து உள்ளங்காலைச் சுண்டினால் திரும்ப மூச்சு விடும். இதற்குக் கொடுக்கும் மருந்து நம் காபியில் உள்ள அதே கஃபீன். கர்ப்பக் கணக்கில் 36, 37 வாரத்தை ஒட்டி பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். இந்த நாலு வரியை யாராவது முதல் நாளே தமிழில் சொல்லிவிட்டால் ஒரு குடும்பத்தின் பாதிப் பயம் போய்விடும். ஆனால் ரவுண்ட்சில் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, "ஸ்டேபிளா இருக்கு" என்று ஒரு சொல்லோடு நகர்ந்துவிடுகிறார்கள். டாக்டர்களின் வேலைப்பளு தெரியும். இருந்தாலும் அந்த ஒரு சொல் போதாது.

எடையும் அப்படி ஒரு கிலி. முதல் வாரத்தில் பிள்ளையின் எடை பத்து சதவீதமோ அதற்குச் சற்று மேலோ குறையும். உடம்பில் கூடுதலாக இருந்த நீர் வெளியேறுவதால் வரும் இயல்பான குறைவு அது. பத்துப் பதினான்கு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பும். தினமும் "இன்னைக்கு எவ்வளவு?" என்று ஃபோன் போட்டுக் கேட்கும் சொந்தக்காரர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

இனி பால். ஒரு கிலோ பிள்ளைக்கு முதல் நாளில் ஒரு வேளைக்குப் போவது ஒன்று இரண்டு மில்லிதான். நர்ஸ் ஒரு சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, வாய்வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் பொருத்தி, பாலை அதில் ஊற்றி மேலே தூக்கிப் பிடிப்பார். அழுத்த மாட்டார். பால் தன் எடையிலேயே சொட்டுச் சொட்டாக இறங்கும். அந்த இரண்டு மில்லிக்காகத் தாய் பிழிந்து கொண்டுவந்தது கிண்ணத்தின் அடியைக்கூட மூடாத மஞ்சள் சீம்பால். "இவ்வளவுதானா?" என்று அவளே வெட்கப்படுவாள். உண்மையில் உள்ளே இருக்கும் மருந்துகளில் வேறு யாராலும் தர முடியாதது அது ஒன்றுதான். குறைமாசப் பிள்ளையின் குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் உண்டு. பால் பவுடர் குடிக்கும் பிள்ளைகளைவிடத் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அது மிகவும் குறைவு. பிள்ளை குழாயில் குடிக்க முடியாத நிலையில் இருந்தாலும் ஒரு துளியைக் கன்னத்தின் உட்புறம் தடவுகிறார்கள்.

பால் ஊற வேண்டுமென்றால் பேறான சில மணி நேரத்திலேயே தொடங்கி, நாளுக்கு எட்டு முறையாவது பிழிய வேண்டும். அதில் ஒரு முறை நடுராத்திரியில். பிள்ளை பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்வது லேசான காரியம் இல்லை. பிள்ளையைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் பால் சுலபமாக இறங்குகிறது என்று தாய்மார்கள் சொல்வார்கள். அதற்கு உடலியல் காரணமும் இருக்கிறது. உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் சேர்த்துச் செய்யப் பிள்ளைக்குக் கர்ப்பக் கணக்கில் 34 வாரம் ஆகவேண்டும். அதற்கு முன் குழாயிலிருந்து மாறும் இடைக்காலத்தில் ஸ்பூனோ பாலாடையோதான். நம் வீட்டு அலமாரியில் பாட்டி காலத்திலிருந்து கிடக்கும் அதே பாலாடை, ஃபீடிங் பாட்டிலைவிட மேல் என்று இன்று குழந்தை மருத்துவர்கள் கையில் எடுத்திருக்கிறார்கள். வெந்நீரில் கொதிக்கவைத்துக் கழுவ வேண்டும் என்பது மட்டும் புதுப் பாடம்.

கதவுப் பிரச்சினைக்கு வருவோம். நம் ஊரில் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெற்றோர் ஒரு பார்வையாளர்தான். இத்தனை மணிக்கு வா, கண்ணாடி வழியாகப் பார், போ. இதற்குச் சொல்லப்படும் காரணம் கிருமி. அந்தக் காரணம் பொய்யில்லை. ரத்தத்தில் கிருமி ஏறுவது இந்தப் பிள்ளைகளைக் கொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆனால் வளையல், மோதிரம், வாட்சைக் கழற்றி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய தாயால் கிருமி கூடுவதில்லை. டெல்லி ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியில் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து உள்ளேயே பராமரிக்கவிட்டுப் பார்த்தார்கள். தொற்று கூடவில்லை, தாய்ப்பால் குடிப்பது கூடியது. அதன் பிறகு 2017-ல் மத்திய சுகாதார அமைச்சகமே, குடும்பத்தைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ளும்படி எல்லா அரசுப் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளுக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. காகிதத்தில் இருப்பது கதவு வரைக்கும் வந்து சேர நாளாகிறது.

இதைவிடப் பெரிய சான்று கங்காரு பராமரிப்பு. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற டாக்டர், இன்குபேட்டர் தட்டுப்பாட்டால் பிள்ளைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கத் தொடங்கினார். ஏழை நாட்டின் தற்காலிக ஏற்பாடு என்றுதான் பல காலம் அதைப் பார்த்தார்கள். பிள்ளை மூச்சு சீராகி, மருத்துவ நிலை திடமான பிறகே தாயிடம் தர வேண்டும் என்பது விதியாக இருந்தது. டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் நாலு ஆப்பிரிக்க நாடுகளின் ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து, ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் இருந்த 3,211 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2021-ல் வெளிவந்தது. பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்த பிள்ளைகளில் 28 நாளுக்குள் இறந்தவை 12 சதவீதம். திடமாகும்வரை காத்திருந்து கொடுத்த பிள்ளைகளில் 15.7 சதவீதம். ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்; இவ்வளவு வித்தியாசம் தெரிந்த பிறகு பாதிப் பிள்ளைகளைக் காத்திருக்கவைப்பது நியாயமில்லை என்று. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இதையே பரிந்துரையாக்கியது: பிறந்த உடனே தொடங்கலாம், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வைக்கலாம்.

செய்முறை எளிது. பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, டயப்பர் மட்டும். தாயின் மார்புக்கு நடுவில் நேராக நிறுத்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, கைகால் தவளை மாதிரி மடங்கியிருக்க, மேலே ஒரு மெத்தென்ற துணியால் கட்டு. நல்ல பருத்தித் துவர்த்தே (துண்டே) போதும். மூக்கு மூடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், ஒரு தடவை வைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்காமல் இருக்க வேண்டும். பிள்ளை இன்னும் கருவிகளோடு இருந்து, வெளியே எடுக்க முடியாது என்றால் கை மட்டும் போதும். ஒரு கை தலையில், ஒரு கை மடக்கிய காலில், அசையாமல். தடவக் கூடாது. இந்தத் தோலுக்குத் தடவல் எரிச்சல், அசையாத கைதான் இதம். தாயின் குரல் பிள்ளைக்கு வயிற்றிலேயே கேட்டுப் பழகியது, அதனால் பேசலாம், மெல்லப் பாடலாம்.

தகப்பன்மாரும் இதைச் செய்யலாம். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, சாரத்தோடு (லுங்கியோடு) நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த தகப்பனின் மார்பிலும் பிள்ளைக்கு அதே சூடு கிடைக்கும். ஆனால் நம் மாவட்டத்தில் தகப்பன் எங்கே இருக்கிறார் என்பது ஒரு கேள்வி. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்தவர் என்றால் ஆழ்கடலில், கரைக்கு வர வாரங்கள் ஆகலாம். வளைகுடாவில் இருப்பவருக்கு லீவு கிடைக்காது, வீடியோ காலில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புவார். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் விடிகாலை வேலையை முடித்துவிட்டுப் பஸ் ஏறுவார். ஊரில் இருப்பவருக்கும் மருந்துக் கடை, லேப், காப்பீட்டு மேசை என்று ஓட்டம். "ஆம்பளை, தாங்கிக்குவான்" என்று விட்டுவிடுகிறோம். அவர் அழுவதற்கு பைக் ஸ்டாண்டைத் தவிர வேறு இடம் இருப்பதில்லை. மாமனோ சித்தப்பாவோ ஒருவர் அந்த ஓட்டத்தை எடுத்துக்கொண்டு, தகப்பனை ஒரு மணி நேரம் உள்ளே உட்காரவிட்டால், அது பழக்கூடை கொண்டுவருவதைவிடப் பெரிய உதவி.

வராந்தாவில் கிடைக்கும் விசாரணை வேறு வகை. "பப்பாளி தின்னியா? ஸ்கூட்டர்ல போனியா? கிரகணத்துல வெளியே வந்தியா?" பேறு முந்துவதற்கு ரத்தக்கொதிப்பு, கிருமித் தொற்று, நீர்க்குடம் முன்பே உடைவது, இரட்டைப் பிள்ளை, கருப்பை வாய் குட்டையாக இருப்பது, முன்பு ஒருமுறை குறைமாசத்தில் பெற்றது என்று பல காரணங்கள் இருக்கின்றன. ஏராளமான பேறுகளில் காரணமே தெரியவருவதில்லை. கிரகணம் அந்தப் பட்டியலில் இல்லை. தீவிர சிகிச்சையில் பிள்ளை இருக்கும் தாய்மாருக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றத் தாய்மாரைவிடக் கூடுதல் என்பது பல நாடுகளில் பார்த்து உறுதியானது. தூக்கம் கிடைத்தாலும் தூங்க முடியாதது, பிள்ளையைப் பார்க்கவே போக மனம் வராதது, எல்லாம் மரத்துப்போன மாதிரி இருப்பது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் இலவசமாகப் பேசலாம். பேறுகாலக் குளிப்பும் மருந்தும் தவறிப்போகிறதே என்று வருத்தப்படும் பாட்டிமாரிடம் சொல்ல ஒன்று உண்டு: அவளுக்கு இப்போது வேண்டியது நேரத்துக்குச் சோறும், தண்ணியும், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் படுக்க ஓர் இடமும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. அரசு ஆஸ்பத்திரியில், 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம், வண்டி எல்லாம் இலவசம். தனியாரில் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அங்கே செல்லுமா என்பதை முதல் நாளே கேட்க வேண்டும், டிஸ்சார்ஜ் அன்றைக்கு அல்ல. எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்கள் இதை வண்டி ஏறும் முன்பே கேட்பது நல்லது.

கண் பரிசோதனையைத் தவறவிடுவதுதான் எனக்கு மிகவும் ஆற்றாமையாக இருக்கும் விஷயம். முன்பு சொன்ன விழித்திரைக் கோளாறு இன்றும் வருகிறது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கும், இரண்டு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கும், பிறந்து 30 நாளுக்குள் கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். 28 வாரத்துக்கும் முன்னால் பிறந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம், இரண்டு மூன்று வாரத்திலேயே. நேரத்தில் பிடித்தால் லேசர் சிகிச்சையால் பார்வையைக் காக்கலாம். தள்ளிப்போனால் நிரந்தர இருட்டு. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று வீட்டில் நினைத்துவிடுகிறார்கள். நம் ஊரில் பல வீடுகளில் 28-ம் நாள் நூல்கட்டுக்கு நாளை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். அந்த எண்ணிக்கையோடு கண் பரிசோதனையையும் சேர்த்துக்கொண்டால் மறக்காது. ஒருமுறை பார்த்ததோடு முடிந்தது என்றும் இல்லை. விழித்திரை முழுதாக வளரும்வரை டாக்டர் சொல்லும் நாளில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். காது கேட்கிறதா என்ற பரிசோதனையையும் வீட்டுக்கு வரும் முன் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் செய்யக்கூடாதவை சில. சாம்பிராணிப் புகை கூடவே கூடாது, இந்த நுரையீரலுக்கு அது தாங்காது. தேன், சர்க்கரைத் தண்ணி, உரைமருந்து எதுவும் வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடவே கூடாது. பார்க்க வருகிறவர்களில் சளி, காய்ச்சல் உள்ளவரை வாசலிலேயே நிறுத்துவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கங்காரு கட்டு வீட்டிலும் தொடரலாம், பிள்ளையே நெளிந்து வேண்டாம் என்று சொல்லும்வரை. பால் குடிக்க மறுத்தாலோ, கால் சில்லென்று ஆனாலோ, மூச்சுவிடும்போது நெஞ்சு உள்ளே குழிந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வளர்ச்சிக்குக் கணக்கு வேறு. முழுக் கர்ப்பம் 40 வாரம் என்று வைத்தால், 28 வாரத்தில் பிறந்த பிள்ளை 12 வாரம் முந்திவிட்டது. ஆகவே ஆறு மாதப் பிள்ளையை மூன்று மாதப் பிள்ளையாகத்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கவிழ்ந்துவிட்டது, இது இன்னும் தலை நிற்கவில்லையே என்ற பேச்சுக்கு அந்தக் கழித்தல் கணக்கே பதில். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பார்ப்பார்கள். கழித்த பிறகும் பின்தங்கியிருந்தால் பிசியோதெரபியை உடனே தொடங்க வேண்டும், "எங்க வீட்ல எல்லாருமே லேட்டாத்தான் நடந்தாங்க" என்று தள்ளிப்போடுவது சரியல்ல. தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. பிறந்த தேதியை வைத்தே போடுவார்கள்.